இரண்டு முறை தட்டினால்

ஜனவரி 6

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம். நாலேகால் வருஷத்துக்கு முன்னால் நீ நம் நாடக அரங்கத்தைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். அது தவறு. மனைவியை இழந்த துக்கத்தில் செய்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள். துக்கத்தில் செய்தாலும் தவறு தவறுதான். அது உன் வீட்டு பீரோ இல்லை. எட்டுத் தெருக்காரர்கள் செங்கல் சுமந்து கட்டிய கட்டடம். நீ மன்றத்தின் செயலாளர், நாடகங்களை இயக்கியவன், கதாநாயகன். சொந்தக்காரன் இல்லை.

இப்போது நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஐந்து வருஷம் ஒரு நிகழ்ச்சியும் நடக்காவிட்டால் இடத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரத்திலேயே இருக்கிறதாம். அக்டோபர் பத்தாம் தேதியோடு ஐந்து வருஷம். அதன் பிறகு தண்ணீர்க் குழாய்களை அடுக்கிவைக்கும் கிடங்காக்கப் போகிறார்கள்.

நேற்று முடிதிருத்தும் கடையில் கூட்டம் போட்டோம். இருபத்திமூன்று பேர். உட்கார இடமில்லாமல் ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சுழல்நாற்காலியில் உட்கார்ந்தார்; கடைக்காரர் பழக்கதோஷத்தில் அவர் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டார். எல்லோரும் ஒரே முடிவு: அரங்கத்தைத் திறக்க வேண்டும். அதற்குச் சாவி வேண்டும், செயலாளர் கையெழுத்து வேண்டும். இரண்டும் உன்னிடம்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "சரிண்ணா, சரிண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் மறுக்க முடியாது.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் அண்ணன்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

இருபத்தெட்டு நாளாகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மரக்கடையில் பலகை எண்ணிக்கொண்டிருந்தவன், உன் வசனப் பிரதிகளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் படிக்கக் கற்றேன். முப்பத்தொரு வருஷம் பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன். எனக்கே ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று தெரிகிறது. பட்டம் வாங்கிய உனக்குத் தெரியவில்லை.

தச்சர் உடைந்த ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். மேடையின் இடதுமூலைப் பலகை மழையில் உப்பியிருக்கிறதாம். பூட்டை உடைக்க ஒரு நிமிஷம் போதும். பூட்டு ரிப்பேர்க்காரரே நம் மேடையில் மூன்று முறை திருடனாக நடித்தவர். "ஒரு தடவையாவது நிஜத்துக்குச் செய்யறேனே" என்று கெஞ்சுகிறார். நான்தான் விடவில்லை. நீ பூட்டியதை நீதான் திறக்க வேண்டும். உடைத்துத் திறந்தால் உன் தவறு மறைந்துபோகும்.

சளி பிடித்திருந்தது, விட்டுவிட்டது. அங்கே எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன். இதற்காவது பதில் எழுது.

அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் அவரும் நலம். உங்கள் சளி முழுக்க விட்டதா? வெந்நீரே குடியுங்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் அப்பா படித்தார். படித்து மடித்துத் தன் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். "பெரியப்பா சௌக்கியமா இருக்கார்" என்றார். அவ்வளவுதான்.

அரங்கத்தைப் பற்றி அவரிடம் எதுவும் பேச முடியவில்லை பெரியப்பா. டிவியில் யாராவது கொஞ்சம் நாடகத்தனமாகப் பேசினாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். பேப்பர் படிப்பதையும் விட்டுவிட்டார். வாங்கி வைத்தால் பிரிக்காமலே பழைய பேப்பர்க் கட்டில் சேர்த்துவிடுகிறார். கண் தெரியவில்லையோ என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண் நன்றாகவே இருக்கிறதாம்.

அம்மா இருந்திருந்தால் உங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துத் திட்டியிருப்பாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 11

தம்பிக்கு,

சாவி வந்தது. உறைக்குள் ஒரு வார்த்தை இல்லை. வெறும் துண்டுத்தாளில் சுற்றிச் சாவி. இரண்டு கடிதத்துக்கு ஒரு சாவி பதில் ஆகாது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்துவிட்டோம்.

உள்ளே புறா நாற்றம். முன்திரை ஒரு பக்கம் கொக்கி விட்டுத் தொங்குகிறது. சலவைக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஒரே துண்டாகத் துவைக்க முடியாது, பதினான்காகப் பிரித்தால் எட்டுத் தெரு மொட்டைமாடிகளிலும் காயப்போடலாம் என்றார். தையற்கடை அம்மா, "பிரிக்கறது உங்க பாடு, ஒட்டறது என் பாடா?" என்று சண்டை பிடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மேடையில் பின்கதவுக்கு முன்னால் சாக்பீஸ் குறி அப்படியே இருக்கிறது. பக்கத்திரை ஓரத்தில் உன் வீட்டு மகாராணியின் செருப்பும். அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; முதல் நாடகத்தில் காகிதக் கிரீடம் வைத்து நின்ற நாளிலிருந்து காய்கறிக்காரர்கூட அவளை மகாராணி என்றுதான் கூப்பிட்டார். மேடை ஏறும்போது எல்லோரும் செருப்பை அங்கே விடுவோம். யாரும் அதைத் தொடவில்லை. கூட்டியவர்கள் அதைச் சுற்றிக் கூட்டினார்கள்.

என் முக்காலியும் இருந்த இடத்தில்தான் இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கையெழுத்து இன்னும் வரவில்லை. நினைவூட்டுகிறேன்.

எனக்கு நல்ல பசி, நல்ல தூக்கம். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணனுக்கு வணக்கம்.

நான் நலம். நீங்கள் நலமாக இருப்பதில் சந்தோஷம். நகராட்சிக்கான தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே செயலாளராகப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

அரங்கம் திறக்கட்டும். எந்த நாடகம் வேண்டுமானாலும் போடுங்கள். கடைசியாகப் போட்ட அந்த நாடகம் மட்டும் வேண்டாம். அந்தக் குறியில் யாரையும் நிறுத்த வேண்டாம்.

நான் வரமாட்டேன். வற்புறுத்தாதீர்கள்.

தம்பி

மே 7

தம்பிக்கு,

தாள் நகராட்சியில் கொடுத்தாயிற்று. செயலாளர் பொறுப்பு எனக்கு வேண்டாம். நீ இறக்கிவைத்ததை நான் ஏன் தூக்க வேண்டும்?

நல்ல செய்தியும் எழுதுகிறேன். நீ பூட்டிய அன்று, நாற்காலிகள் மட்கிப்போகும், ஆளுக்கு ஒன்றாய் எடுத்துப் போங்கள் என்று சொன்னாய் அல்லவா? இருநூற்றுப்பத்து நாற்காலிகளும் வீடு வீடாகப் போயின. போன வாரம் திரும்பி வந்தன. தலையில், சைக்கிள் கேரியரில், ஒன்று குழந்தை வண்டியில். ஒரு வீட்டில் கதவுக்கு அடித்த பச்சையையே நாற்காலிக்கும் அடித்திருக்கிறார்கள். ஒன்றுக்குக் கை ஒடிந்து, பழைய மண்வெட்டிப் பிடியை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் தன் நாற்காலியை விட மனமில்லாமல் வாசலில் நின்றார். அவர் அப்பா கடைசி இரண்டு வருஷம் அதில்தான் உட்கார்ந்திருந்தாராம். "கொண்டு போங்க. ஆனா முதல் வரிசையில போடுங்க, அப்பாவுக்குக் காது கேக்காது" என்றார். போட்டோம்.

இருநூற்றொன்பது வந்தன. குறையும் ஒன்று என் வீட்டில் இருக்கிறது.

எந்த நாடகம் என்று கேட்டேன். அதே நாடகம்தான் என்றார்கள் ஒரே குரலில். தையற்கடை அம்மா சொன்னார்: "பாதியில நின்னதுங்க அது. அதை முடிக்காம வேற எதை ஆரம்பிச்சாலும் அந்தம்மா முகத்தைப் பாக்க முடியாது." நீ வேண்டாம் என்று எழுதியதைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல?

நீ பூட்டியபோதும் காரணம் சொல்லவில்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாள் என் வாசலைக் கடந்துதான் பஸ் ஏறப் போனாய். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பூட்டு யாரைப் பார்த்துப் போடப்பட்டது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தெரிந்தே ஐந்து வருஷம் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். நீயாவது திற.

இங்கே வெயில் கடுமை. அங்கே எப்படி? முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அண்ணன்

மே 24

அண்ணனுக்கு,

வணக்கம். உடல்நலம் பரவாயில்லை.

வாயைத் திறக்கச் சொன்னீர்கள், கேட்கிறேன். அந்தக் காட்சியில் நான் கதவுக்கு முதுகைக் காட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவள் கதவருகே பார்வையாளர்களுக்கும் முதுகைக் காட்டி நிற்பாள். வீட்டைவிட்டு ஒரேயடியாகப் போகிறவள், போகிறேன் என்று சொல்லாமல், "அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த வசனம் வரும்வரை நான் திரும்பக் கூடாது. அன்றைக்கு வரவேயில்லை. அவள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

அரங்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். வசனத்தை ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை?

தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூரை வேலை முடிந்தது. பலகை முழுவதையும் மரக்கடையில் கொடுத்தார்கள். ஒத்திகை அடுத்த வாரம் தொடங்குகிறது. மகாராணியின் வேடம் தையற்கடை அம்மாவுக்கு, உன் வேடம் தற்காலிகமாகச் சைக்கிள் கடைக்காரருக்கு. பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்கிறார்.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன்

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

எட்டு வாரம் இந்தத் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். நேற்று ஒத்திகையில் தையற்கடை அம்மா அந்தக் கதவருகே வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு திரும்பி, "ஐயா, மறந்துபோச்சு. எடுத்துக் குடுங்க" என்றார். பிரதி என் மடியில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கக்கூட வேண்டாம். ஆனால் வாய் வரவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டார். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நாடகத்தில் அவள் பேசாமல் நின்றபோது மறந்துவிட்டாள் என்று நினைத்து வசனத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். முன்வரிசைக்கே கேட்டது. காட்சி கெட்டது. திரை விழுந்ததும் வந்து நின்றாள். "ஏன் மாமா, நான் நிறுத்தறதுக்கும் மறக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு எதுக்கு முக்காலி?" என்றாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே ஒரு சைகை வைத்தாள். வசனம் வேண்டுமென்றால் இடது குதிகாலால் பலகையில் இரண்டு முறை தட்டுவாள். தட்டினால் கொடுக்க வேண்டும். தட்டாவிட்டால் வீடே தீப்பற்றினாலும் வாயைத் திறக்கக் கூடாது. பதினாறு வருஷம் அப்படித்தான் நடந்தது.

அன்றைக்கு அவள் நின்றாள். வழக்கமாக ஆறு எண்ணும்வரை நிற்பாள். நான் எண்ணினேன். பத்து. இருபது. நான் உட்காரும் பக்கத்திலிருந்து அவள் வலது முகம் மட்டும்தான் தெரியும். அது எப்போதும் போலத்தான் இருந்தது. கண் ஈரமாக இருந்தது. முப்பது. அரங்கத்தில் ஒரு செருமல் இல்லை. வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டவில்லை. இவள் இதுவரை நின்றதிலேயே பெரிய நிற்றல் இதுதான் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது, தம்பி. நாற்பத்துமூன்று எண்ணியபோது விழுந்தாள். மூன்று பேர் கைதட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

பத்தாவது எண்ணில் வாயைத் திறந்திருந்தால், அவள் பதில் சொல்லாததைப் பார்த்து உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாளே, அது முப்பது வருஷமாக ஆகியிருக்கலாம். அல்லது ஆகாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

இதுதான் பதில். நீ பூட்டியது தவறு என்று எழுதினேன். இப்போதும் தவறு என்றுதான் சொல்வேன். ஆனால் ஏன் பூட்டினாய் என்று எனக்குத் தெரியும்.

உன் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு முகமில்லை. மகளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

ஆகஸ்ட் 21

அண்ணனுக்கு,

நீங்கள் நலமா? தயவுசெய்து இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அன்றைக்குக் காலையில் அவள் காப்பி கொண்டுவந்து வைத்தபோது சிந்திவிட்டாள். "இடது கால் கட்டை மாதிரி இருக்குங்க, ஊன்றதே தெரியல" என்றாள். படுத்த வாக்கில் மரத்துப்போயிருக்கும், நடந்தால் சரியாகிவிடும் என்றேன். மத்தியானம் மறுபடியும், டாக்டரிடம் ஒரு எட்டுப் போய்வரட்டுமா என்று கேட்டாள். "சீட்டு எல்லாம் வித்துப் போயிடுச்சு. நாளைக்குப் போலாம்" என்றேன். அவள் சரி என்றாள். பக்கத்திரை ஓரத்தில் செருப்பை விடும்போது இடது செருப்பைக் கையால் கழற்றினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மேடை ஏறினேன்.

அவளால் தட்டியிருக்கவே முடியாது அண்ணா. இது உங்களுக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்கே தெரியும்.

பூட்டு உங்களைப் பார்த்துப் போட்டதில்லை. அந்தப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் போட்டது. உங்கள் வாசலைக் கடந்தபோது எட்டிப் பார்த்தால் சொல்லவேண்டி வரும் என்று பயந்தேன். மே மாதம் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் பதில் எனக்குத் தெரியும். உங்கள் வாயால் நீங்கள் தவறிவிட்டதாகச் சொன்னால், என் பங்கு பாதியாகும் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தேன். பாதியாகவில்லை.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

தம்பி

செப்டம்பர் 8

தம்பிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்த நாற்பத்துமூன்று எண்ணும் அது மரக்கட்டையாக இருந்திருக்கிறது. இதை நான் இன்னும் எத்தனை நாள் நினைத்துக்கொண்டிருப்பேன் என்று தெரியவில்லை.

ஆறுதல் சொல்லி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. நாளைக்குப் போகலாம் என்று சொன்னது தவறு இல்லை. எந்த வீட்டிலும் யாரும் சொல்வதுதான். அதன் பிறகு ஐந்து வருஷம் என்னை அந்த முக்காலியிலேயே உட்காரவைத்துவிட்டுப் போனாயே, அது தவறு. பூட்டியதைவிடப் பெரிய தவறு. ஒரு தபால் அட்டை போதும். "அவளால் தட்டியிருக்க முடியாது" என்று ஒரு வரி. நான் செத்துப்போயிருந்தால் இது தெரியாமலேயே போயிருப்பேன். இதற்கு மன்னிப்பு உண்டா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தையற்கடை அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சொன்ன முதல் ஆள் அவர்தான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். அழவில்லை. "சரி, அப்ப எனக்குச் சைகை எதுவும் வேணாம் ஐயா. நான் நின்னா சொல்லிடுங்க. ஊரே கேக்கட்டும்" என்றார்.

முன்திரை பதினான்கும் ஒன்றாகிவிட்டது. ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு மாதிரி வெளுத்திருக்கிறது. அதை மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். உட்கார இடமில்லாதவர்கள் வீட்டிலிருந்து பாய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அக்டோபர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. நகராட்சிக்கு ஏழு நாள் முன்னால்.

நீ உயிரோடு இருக்கிறாய், நானும் இருக்கிறேன். நலம் விசாரிக்க இவ்வளவு போதும். இனிச் செய்ய வேண்டியவை. இதைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்.

மகளிடம் சொல்வது: நீ. புறப்படுவதற்கு முன்னால். போனில் நான் சொல்லமாட்டேன்.

முன்திரையை இழுப்பது: முடிதிருத்தும் கடைக்காரர். விளக்கு: எலக்ட்ரீஷியன், அவர் தம்பி. மழை வந்தால் ஜன்னல் சாத்துவது சலவைக்கடைக்காரர்.

மருந்துக்கடைக்காரரின் நாற்காலியில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வது: பூட்டு ரிப்பேர்க்காரர். திருட வந்தாலும் விடமாட்டார்.

சாக்பீஸ் குறியைப் புதிதாகப் போடுவது: உன் மகள். செருப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். கூட்டுகிறவர்கள் உன் மகள் கேட்டால் மட்டும் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வசனம் எடுத்துக் கொடுப்பது: நான். பத்து வரை எண்ணுவேன். பதினொன்றில் சொல்லிவிடுவேன், காட்சி கெட்டாலும் சரி.

திரும்பி வராத அந்த ஒரு நாற்காலியை, மேடையில் கணவன் உட்காரும் நாற்காலியை, என் வீட்டிலிருந்து அரங்கத்துக்குத் தூக்கி வருவது: நானும் சைக்கிள் கடைக்காரரும்.

அதை இந்த முறை கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, நகராதபடி பலகையோடு ஆணி அடிப்பது: தச்சர்.

அதில் உட்கார்வது: நீ.